சாம்பல் கூறும் சான்று

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குச் செல்லும் வழியில் மல்லாங்கிணறு என்னும் பேரூர் இருக்கிறது. அதுவே நான் பிறந்து வளர்ந்த ஊர். ஊரைச் சுற்றிலும் கரிசல் நிலம் பரந்து கிடக்கும். மழை பெய்தால் அம்மண் நடப்பவர் காலை விடாது பற்றிக்கொள்ளும். கோடையிலோ பாளம் பாளமாகப் பிளந்து வாய் திறந்து நிற்கும். பருத்தியும் சோளமும் கம்பும் வானத்தை நம்பி அங்கே விளைகின்றன. வானம் பொய்க்கும் ஆண்டுகளில் மக்கள் என்செய்வர்? தென்மேற்கே சாத்தூரும் சிவகாசியும் இருக்கின்றன. அவ்வூர்களைச் சூழ்ந்து பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. விடியற்காலையில் ஆலை வண்டிகள் ஊர் ஊராக வந்து நிற்கும். தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் அவற்றில் ஏறிச் செல்வர். மாலையில் திரும்பும்போது அவர்தம் கைகளும் கன்னங்களும் வெள்ளி பூசியவைபோல் மின்னும். அலுமினியப் பொடியின் வேலை அது. அதை அழகென்று எண்ணி, என் அத்தையின் விரல்களைத் தொட்டு என் நெற்றியில் பூசிக்கொண்ட நாள்களும் உண்டு.

1920களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். அவர்கள் நட்ட நாற்றே பின்னர் மத்தாப்பாகவும் சரவெடியாகவும் கிளைத்துத் தழைத்தது. பஞ்சத்தால் ஊரை விட்டுப் போக வேண்டிய பல்லாயிரம் குடும்பங்களை ஊரிலேயே இருத்தியது அத்தொழில். ஆதலால் பட்டாசுத் தொழிலை முழுதும் பழித்துப் பேசுவோருடன் சேர்ந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அத்தொழிலில் அத்தையை இழந்தவன் நான். எனினும் என் பள்ளிக் கட்டணமும் அத்தொழிலின் கூலியிலிருந்தே வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில், அத்தை வேலை செய்த ஆலையில் ஓர் அறை வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த மூவரும் மாண்டனர். அத்தை ஒருத்தி, மற்ற இருவருள் ஒருவர் எங்கள் தெருவினர். சில நாள் கழித்து ஆலைத் தரப்பிலிருந்து ஒரு செய்தி ஊருக்குள் பரவியது. மருந்து கலக்கும்போது என் அத்தையின் கை தவறி ஏனம் கீழே விழுந்ததாம். உராய்வினால் தீ எழுந்ததாம். காவல் நிலையத்தில் எழுதப்பட்ட முதல் அறிக்கையிலும் அவ்வாறே இருந்தது. அன்று முதல் அந்தத் தெருவினர் எங்கள் வீட்டாருடன் பேசுவதை நிறுத்திவிட்டனர். கோயில் கொடையின்போது பொங்கல் வைக்க அப்பத்தா போய் நின்றால் அவர்கள் சற்று விலகி அடுப்பு மூட்டுவர். அப்பத்தா அதைப் பற்றி யாரிடமும் குறைகூறியதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் பலமுறை கேட்டாள்.

“அறைக்குள் இருந்தவர்கள் மூவரும் போய்விட்டார்கள். கை தவறியதைப் பார்த்தவர் யார், ஐயா?”

எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா கேட்ட இக்கேள்வியை, பிற்காலத்தில் கல்லூரியில் வேறு சொற்களில் மீண்டும் கேட்டேன். அங்கே அதற்குத் தடயவியல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். துணைப் பாடமாக ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. என் வகுப்பினருள் பெரும்பாலோர் கணினியை நாடினர். சிலர் மொழிப்பாடம் ஒன்றை எடுத்தனர். நானும் இன்னும் பதினொருவரும் தடயவியலில் பெயர் கொடுத்தோம். ஊரில் இதைக் கேட்டவர்களுக்கு வியப்பு. “போலீசு வேலைக்கா?” என்றார் ஒருவர். “பிணம் அறுக்கும் படிப்பா?” என்றார் மற்றொருவர். இரண்டும் அன்று. பிணத்தை ஆராய்வது சட்ட மருத்துவம். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது காவலரின் கடமை. குற்றமோ விபத்தோ நிகழ்ந்த இடத்தில் எஞ்சிய பொருள்களை அறிவியல் முறையில் சோதித்து, அவை காட்டும் உண்மையை நீதிமன்றத்தின் முன் வைப்பதே தடயவியலாளர் பணி. நூல் இழையும் கண்ணாடித் துகளும் கையெழுத்தும் நஞ்சும் சாம்பலும் அவருடைய பாட நூல்கள். துணைப் பாடம் ஒன்றைப் படித்ததனால் எவரும் தடயவியல் அறிஞர் ஆகிவிடுவதில்லை. அதற்கு மேற்படிப்பும் நெடிய பயிற்சியும் தேவை. ஆயினும் வேதியியல் கற்பவனுக்கு அப்பாடம் செய்யும் நன்மை பெரிது. சோதனைக் குழாயில் தோன்றும் ஒரு நிறத்தால் ஒரு மனிதனின் விடுதலையோ சிறையோ முடிவாகலாம் என்று உணர்ந்தவன், அக்குழாயைக் கழுவாமல் அடுத்த சோதனைக்கு எடுக்க அஞ்சுவான்.

எங்கள் பேராசிரியர் முதல் நாள் வகுப்பில் நூல் எதையும் திறக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். தமிழ் வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “இம்மதுரையில் ஒரு வழக்கு நடந்தது. திருடிய பொருள் என்று ஒரு சிலம்பு பிடிபட்டது. அரசியின் சிலம்பிற்குள் இருப்பவை முத்துகள். கோவலனிடம் இருந்த சிலம்பிற்குள் இருந்தவை மாணிக்கங்கள். உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டிருக்கும். உடைத்தார்கள், ஆனால் எப்போது?” என்று கேட்டு நிறுத்தினார். கோவலன் வெட்டுண்ட பின்னர் என்று ஒரு மாணவி விடை கூறினாள். “அவ்வளவுதான். சோதனை அறியாமை அன்று அங்கே நிகழ்ந்த பிழை. சோதனை காலம் தாழ்ந்து வந்ததே பிழை. பொற்கொல்லனின் சொல்லைச் சான்றாகக் கொண்டு, பொருளைச் சான்றாகக் கொள்ளாது விட்டார்கள்” என்றார் அவர். இலக்கியத்தை இவ்வாறு படிப்பது முறையாகுமா என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். எனக்கு மட்டும் அன்று முழுவதும் அப்பத்தாவின் நினைவாகவே இருந்தது.

அடுத்து அவர் கூறியது இங்கிலாந்தில் 1830களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு. முதியவர் ஒருவர் காப்பியில் கலந்த பாடாணத்தால் இறந்தார் என்று அவருடைய பேரன்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஜேம்ஸ் மார்ஷ் என்னும் வேதியியலார் அந்நாளில் வழங்கிய முறைப்படி சோதித்து, மஞ்சள் நிற வீழ்படிவைக் கண்டார். பாடாணம் இருந்ததற்கு அது சான்று. ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவ்வீழ்படிவு கெட்டு நிறம் மாறிவிட்டது. ஜூரர்கள் கண்ணால் கண்டு தெளிய ஒன்றும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். மார்ஷ் மனம் சோரவில்லை. கெடாத சான்று தரும் முறை ஒன்றைத் தேடினார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து, அதனுள் ஐயத்துக்குரிய பொருளை இட்டால், பாடாணம் வாயுவாக வெளிவரும். அவ்வாயுவைக் கொளுத்திச் சுடரின்மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், கண்ணாடிபோல் மின்னும் கரும்படலம் படியும். 1836இல் இம்முறையை அவர் வெளியிட்டார். உண்மையைக் கண்டறிவது ஒரு வேலை. அதை நீதிமன்றம்வரை கெடாமல் கொண்டுசேர்ப்பது மற்றொரு வேலை. இரண்டாவதற்காகவே முத்திரையும் கையொப்பமும் உறைகளும் பதிவேடும். இப்பகுதியைப் படிக்கும்போது மாணவர் பலர் கொட்டாவி விடுவர். வழக்குகள் தோற்பதோ பெரும்பாலும் இப்பகுதியில்தான்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1910இல் எட்மண்ட் லொகார்டு என்பவர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில் இரு சிறு அறைகளில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். ஒன்றையொன்று தொட்ட பொருள்கள் தம்முள் எதையேனும் மாற்றிக்கொள்ளாமல் பிரிவதில்லை என்பது அவர் கொள்கை. அத்தையின் விரலில் இருந்த வெள்ளிப்பொடி என் நெற்றிக்கு வந்ததை எண்ணிப் பார்த்தேன்; எளிதில் விளங்கிவிட்டது.

இத்துறை மேல்நாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் தோன்றியது. அரளியும் ஊமத்தையும் நஞ்சாகப் பயன்பட்ட நாட்டில் அதற்கு வேலை குறைவாக இருந்திருக்குமா? விரல் ரேகைப் பதிவகமும் 1897இல் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் வழங்கினாலும், அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்களின் உழைப்பு அதனுள் பெரும்பங்கு கொண்டது.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றும் இவ்வரலாற்றில் இடம் பெற்றிருக்கிறது. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்ற புகைவண்டி மானாமதுரையில் நின்றது. பெட்டி ஒன்றிலிருந்து துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட்டனர். கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியைக் காவலர் திறந்தபோது, தலையற்ற உடல் ஒன்று உள்ளே இருந்தது. தலை பின்னர்ச் சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையா? அவர் யார்? சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த சி. பி. கோபாலகிருஷ்ணன் உடலை ஆராய்ந்தார். மாண்டவர் முன்பு படைத்துறையில் பணிபுரிந்தவர். அங்கே பதிவாகியிருந்த விரல் ரேகை அவர் இன்னார் என்பதை உறுதிசெய்தது. கொலைக்கதை என்ற அளவில் ஆளவந்தார் வழக்கை ஊரார் இன்றும் சுவையாகப் பேசுவர். ரேகையும் எலும்பும் அதில் ஆற்றிய பணியைப் பேசுவோர் சிலரே.

1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். குண்டு எங்கே இருந்தது? மேடையிலா, பூக்கூடையிலா, தரையிலா? ஆளுக்கொரு விதமாகப் பேசினர். அப்போது தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். அவர் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் கம்பிகளையும் மின்கலத்தின் பகுதிகளையும் சிறு எஃகுக் குண்டுகளையும் திரட்டி, எந்த உடலில் எவ்விடத்தில் சேதம் மிகுதி என்று நோக்கி, வெடிகுண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று காட்டினார். மாண்டு கிடந்த புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவில் எஞ்சியிருந்த படச்சுருள் அப்பெண்ணின் உருவத்தையும் காட்டியது. சந்திரசேகரனுக்கு 2000ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. வெடித்துப் போன பின் ஒன்றும் எஞ்சாது என்று எண்ணியிருந்த எனக்கு இச்செய்தி ஒரு கதவைத் திறந்தது. வெடிப்பு எவ்வளவு பெரிதாயினும் தன் மருந்தை முழுதும் எரித்துவிடுவதில்லை. எரியாத துகள் எங்கேனும் ஒட்டியிருக்கும். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது, கம்பி எந்தப் பக்கம் வளைந்தது, தரையில் குழி எங்கே ஆழமாக இருக்கிறது என்று பார்த்தால் வெடிப்பின் தொடக்கம் தெரியும்.

ஆனால் அவ்விடம் மிதிபடாமல் இருக்க வேண்டும். பட்டாசு ஆலைகளில் அஃது அரிது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவிக்கு ஓடிச்சென்ற ஊராரும் பலர். தன் மனைவியோ தாயோ உள்ளே இருக்க, தடயம் கெடும் என்று வெளியே நிற்க எவரால் இயலும்? நிற்கச் சொல்லவும் கூடாது. எஞ்சியவற்றிலிருந்து எடுக்கக்கூடியதை எடுப்பதே வழி.

மூன்றாம் பருவத்தில் வெடிமருந்து எச்சங்கள் என்னும் பகுதி வந்தது. எனக்கு மற்றப் பகுதிகள் எல்லாம் அதற்கு முன்னுரைபோல் தோன்றின. பட்டாசு மருந்தில் எரிபொருள் உண்டு. அது எரிய உயிர்வளி கொடுக்கும் உப்பும் உண்டு. கந்தகம், கரி, அலுமினியம் முதலியன எரிபவை. பொட்டாசியம் நைத்திரேட்டு, பேரியம் நைத்திரேட்டு போன்றவை உயிர்வளி கொடுப்பவை. நிறம் கொடுப்பவையும் உலோகங்களே: பேரியம் பச்சை, ஸ்ட்ரான்சியம் சிவப்பு, செம்பு நீலம், சோடியம் மஞ்சள். சாம்பலைச் சுடரில் காட்டி நிறமாலையைப் பார்த்தால், இருட்டில் வானத்தில் மலர்ந்த பூ என்ன பூ என்று பகலிலேயே சொல்லிவிடலாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2021இல் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே சாம்பலில் தோன்றும் பச்சைக் கோடு முன்பு வெறும் அழகின் அடையாளம். இன்று அது ஒரு வழக்கின் அடையாளமும் ஆகலாம்.

இவற்றினும் கடுமையான தடை ஒன்று முன்பே உண்டு. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைச் செய்வதும் வைத்திருப்பதும் 1992ஆம் ஆண்டின் அறிவிக்கையால் தடை செய்யப்பட்டன. தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. காரணம் இது: நைத்திரேட்டுக் கலவையைவிடக் குளோரேட்டுக் கலவை மிக மென்மையான உராய்வுக்கும் தீப்பற்றும். கந்தகத்தில் இயல்பாகவே சிறிது அமிலம் சேர்வதுண்டு; அது குளோரேட்டைத் தாக்கினால், ஒருவரும் தொடாத வேளையிலும் கலவை தானே கனன்று வெடிக்கக்கூடும். விலை குறைவு, ஓசை மிகுதி என்பதற்காக மறைவாக இதைப் பயன்படுத்துவோர் இருக்கின்றனர் என்பதே தடை தோன்றக் காரணம்.

எச்சத்தில் இவ்வுப்பை எவ்வாறு அறிவது? கந்தக அமிலத்தில் கரைத்த டைபீனைலமீன் ஒரு துளி விட்டால் நைத்திரேட்டு நீலமாகும். குளோரேட்டும் நீலமாகும். இரண்டும் ஒரே நிறம்! ஒரே சோதனையை நம்பித் தீர்ப்பெழுதினால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். அனிலீன் கொண்டு செய்யும் சோதனையோ குளோரேட்டுக்கு நீலம் காட்டும், நைத்திரேட்டுக்குக் காட்டாது. எரிந்து முடிந்த குளோரேட்டு குளோரைடாக மாறிவிடும். வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் அது வெண்மையான வீழ்படிவு தரும். ஆனால் குளோரைடு எங்கே இல்லை? வியர்வையில் இருக்கிறது, சோற்று உப்பில் இருக்கிறது, கிணற்று நீரில் இருக்கிறது. ஆகையால் விபத்து நிகழ்ந்த இடத்து மண்ணோடு, அதே ஊரில் மருந்து படாத மண்ணையும் எடுத்து இரண்டையும் ஒருங்கே சோதிக்க வேண்டும். இதற்கு ஒப்பு மாதிரி என்று பெயர்.

ஒவ்வொருவரும் தம் ஊர் மண்ணைக் கொண்டுவருமாறு பேராசிரியர் பணித்தார். எங்கள் பருத்திக் காட்டிலிருந்து ஒரு சிறு பொட்டலம் எடுத்துச் சென்றேன். நீரில் கலக்கி வடிகட்டி, டைபீனைலமீன் விட்டேன். பளிச்சென்று நீலம்! வகுப்பு முழுவதும் சிரித்தது. “மல்லாங்கிணற்றில் வெடிமருந்துக் கிடங்கு அகப்பட்டுவிட்டது” என்றான் ஒருவன். வெள்ளி நைத்திரேட்டும் பால்போல் வெளுத்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. “தம்பி, உங்கள் காட்டில் உரம் போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டார். போட்டிருந்தார்கள், யூரியா. மண்ணில் அது நைத்திரேட்டாக மாறும். கிணற்று நீரும் எங்கள் பக்கம் உவர்ப்பானது. அனிலீன் சோதனை செய்தபோது அந்த மண் நிறம் மாறாமல் இருந்தது. “இந்த மண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வெடி வெடிக்காத இடத்திலும் சோதனை நீலம் காட்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது” என்றார்.

அவ்விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, இழப்பீட்டு வழக்குக்காகத் தந்தையார் சேர்த்து வைத்திருந்த தாள்களைக் கேட்டு வாங்கினேன். மஞ்சள் பையில் அவை மடிப்பு மடிப்பாக இருந்தன. அவற்றுள் ஆய்வக அறிக்கையின் படி ஒன்றும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, இரண்டு பக்கம். எத்தனையோ முறை வழக்கறிஞர் கைக்குப் போய் வந்த தாள். எங்கள் வீட்டில் ஒருவரும் படித்தறியாதது. அறைத் தரையின் மண், சுவர்ப் பூச்சு, உடைந்த ஏனத்தின் துண்டு என மூன்று மாதிரிகள். ஆலை வாயிலுக்கு வெளியே எடுத்த ஒப்பு மாதிரி ஒன்று. முதல் மூன்றிலும் அலுமினியம், கந்தகம், பொட்டாசியம், குளோரைடு, அவற்றோடு குளோரேட்டு. ஒப்பு மாதிரியில் குளோரேட்டு இல்லை. குளோரேட்டும் கந்தகமும் அடங்கிய வெடிக்கலவையின் எச்சம் காணப்பட்டது என்பது முடிவு. கீழே கையொப்பம், முத்திரை. கை தவறியது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என் நெஞ்சு எவ்வாறு அடித்துக்கொண்டது என்பதை இங்கே விரிக்க வேண்டா. மதுரைக்குத் திரும்பியதும் அத்தாளைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்தார்.

“இதிலிருந்து என்ன எழுதுவீர்கள், தம்பி?”

“அத்தையின் கை தவறவில்லை என்று எழுதுவேன், ஐயா.”

“எழுதலாகாது. தடை செய்யப்பட்ட கலவை அறையில் இருந்தது என்று எழுதலாம். கை தவறாமலும் அது வெடிக்கக்கூடியது என்று எழுதலாம். கை தவறியதா இல்லையா என்பதை இந்தச் சாம்பல் அறியாது. தவறியது என்று எழுதியவர்கள் சாம்பலைக் கேட்டு எழுதவில்லை. தவறவில்லை என்று நீங்களும் சாம்பலைக் கேளாமல் எழுதக்கூடாது.” சற்று நிறுத்திப் பின் கேட்டார்: “அந்த அறையில் தீப்பெட்டி எதுவும் இருந்திருக்குமா? குச்சித் தலையிலும் குளோரேட்டும் கந்தகமும் உண்டே?”

தீப்பெட்டியை மடியில் வைத்திருப்பவரை ஆலைக் கதவருகிலேயே தடுத்துவிடுவர். மூன்று மாதிரிகளிலும் பரவியிருக்கும் அளவுக்கு ஒரு தீப்பெட்டியில் மருந்தும் கிடையாது. இதை நான் கூறியபோது, “இப்போது நீங்கள் சரியாகப் பேசுகிறீர்கள்” என்றார். பாராட்டுச் சொற்களை எளிதில் வழங்காதவர் அவர்.

அறிக்கையைத் தமிழாக்கி அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பேராசிரியர் இட்ட எல்லையைக் கடக்காமல், உள்ளது உள்ளபடி சொன்னேன். கலவையை வாங்கியவர் அத்தை அன்று. எடை போட்டுக் கொடுத்தவரும் அத்தை அன்று. கொடுத்ததைக் கலப்பதே அவள் வேலை. அப்பத்தா நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “இதை அந்த வீட்டிலும் போய்ப் படி” என்றாள். எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் மாலை அந்தத் தெருவிற்குப் போனேன். திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகனை அந்த விபத்தில் இழந்தவர். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றபடியே படித்தேன். குளோரேட்டு என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். அது ஆலைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். “தாளில் அது இல்லை, தாத்தா” என்றேன். “பிறகு அவள் கை தவறியது என்று எங்களுக்குச் சொன்னார்களே?” என்றார். “அதுவும் தாளில் இல்லை” என்றேன். அவர் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே திரும்பி, “பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டு வாருங்கள்” என்றார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வீட்டுச் செம்பில் நான் தண்ணீர் குடித்தேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அவ்வறிக்கையை முதன்மைச் சான்றாக வைக்க வேண்டுமென்று இரு குடும்பத்தாரும் சேர்ந்து இப்போது ஒரே வழக்கறிஞரிடம் கூறியிருக்கின்றனர்.

2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் அறிஞர் நிகழ்விடத்துக்கே சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்று தன் 176ஆம் பிரிவில் விதிக்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநில அரசுகளுக்கு ஐந்து ஆண்டுகள்வரை காலம் தரப்பட்டுள்ளது. அத்தனை இடங்களுக்கும் செல்ல எத்தனை பேர் வேண்டும்! தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் குஜராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்திருக்கிறது. எங்கள் பன்னிருவருள் ஒரு மாணவி மேற்படிப்புக்காக அங்கே சென்றிருக்கிறாள். சிலம்பைப் பற்றிய கேள்விக்கு அன்று விடை கூறியவள் அவளே. நான் வேதியியலிலேயே தொடர்கிறேன்.

பருத்திக் காட்டு மண் கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, டைபீனைலமீன் விட்டு, நீலத்தைக் கண்டு திடுக்கிடுகின்றனர். புட்டியின்மேல் என் கையால் எழுதி ஒட்டிய தாள் சற்றுப் பழுத்திருக்கிறது: “மல்லாங்கிணறு. கரிசல். பருத்திக் காடு. வெடிமருந்து கலவாதது.”